பல்லுக்கும் எலும்புக்கும் இடையே

திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, இன்றைய பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரைச் சுற்றி, மழைநீர் அரித்து அரித்து வரிவரியாக்கிய களிமண் மேடுகள் கிடக்கின்றன. புல்லும் முளைக்கத் தயங்கும் அந்நிலம் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்தது. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பாறைகளை ஆராய்ந்து என்றி பிளான்போர்டு 1862-இல் வெளியிட்ட நூல், ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் மூன்று ஊர்ப்பெயர்களை உலகப் பாறையியலில் நிலைநிறுத்தியது. அன்று தொட்டு அங்கே தேடுவோர்க்குக் கிளிஞ்சல்களோடும் அம்மோனைட்டுச் சுருள்களோடும் பற்களும் கிடைத்துவருகின்றன. சுறாக்களின் பற்கள் உண்டு. இக்தியோசார் என்னும் கடல்வாழ் ஊர்வனவற்றின் பற்களும் உண்டு. அரியலூரை அடுத்த கல்லமேட்டில், சற்றே இளைய பாறையில், தொன்மாக்களின் பற்கள் இருக்கின்றன. துரூடான் இனத்துச் சிறு தொன்மா இந்தியாவிலும் திரிந்தது என்று 2013-இல் ஆய்வாளர் அறிவித்தபோது அவர்கள் கையில் இருந்த சான்று ஒரே ஒரு பல்.

பல் இப்படி எஞ்சுவதில் வியப்பில்லை. பற்சிப்பியின் எடையில் நூற்றுக்கு 96 பங்கு கனிமம். உயிரோடு இருக்கும்போதே ஏறக்குறையக் கல்லாக இருந்த பொருள், மண்ணுக்குள் போய்க் கல்லாக மாறுவதற்குப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வியப்புக்குரியது மறுபக்கம். அந்தப் பல்லை உயிருள்ள வாயில் நிறுத்தி வைத்திருந்தது மென்மையான நார். அது சில நாளில் மட்கிப்போகும். பாறை அதைக் காப்பதில்லை. பல்லைப் பற்றிப் பேசுவோரும் பெரும்பாலும் அதைப் பேசுவதில்லை. வெண்மையும் சொத்தையும் பேசப்படும் அளவுக்குத் தாங்குவது பேசப்படுவதில்லை.

பல்லை நிறுத்துவதற்கு உயிரினங்கள் பல வழிகளைக் கையாண்டிருக்கின்றன. சுறாவின் தாடை குருத்தெலும்பால் ஆனது. பல் அதனுள் பதிவதில்லை. தாடையைப் போர்த்திய நார்ப்படலத்தை மட்டும் பற்றிக்கொண்டு நிற்கிறது. முன்வரிசை உதிர உதிரப் பின்வரிசை முன்னே வந்துவிடும். ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறது. காரை மண்ணில் சுறாப்பல் எளிதாகக் கிடைப்பதன் பின்னணி இதுவே. பிற்காலத்து இக்தியோசார் தாடை நெடுக ஓடிய ஒரே பள்ளத்தில் பற்களை வரிசையாக நிறுத்தியது. நம் வேலிகளில் தலையாட்டும் ஓணானோ பல்லைத் தாடை எலும்போடு ஒட்டவே வைத்துவிட்டது. திருவரங்கத் தீவின் வடகரையைத் தொட்டு ஓடும் கொள்ளிடத்தில், கீழே அணைக்கரைப் பக்கம் முதலைகள் வாழ்கின்றன. அவற்றின் ஒவ்வொரு பல்லுக்கும் தனிக்குழி உண்டு. குழிக்கும் பல்லுக்கும் இடையே நார் உண்டு. ஆனால் முதலைக்கும் பல் வாழ்நாள் முழுதும் விழுந்து முளைத்துக்கொண்டே இருப்பதால், எந்தப் பல்லையும் நெடுங்காலம் காக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

பாலூட்டிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. பால்பல் ஒருமுறை, நிலைப்பல் ஒருமுறை, அவ்வளவே. ஆறேழு வயதில் முளைத்த கடைவாய்ப்பல்லை எழுபது வயது வரை ஓட்ட வேண்டும். பாலூட்டிகளின் தொல்முன்னோரின் தாடைகளை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வுகள் அண்மைக்காலத்தில் சுவையான ஒன்றைக் காட்டியிருக்கின்றன. பல்லைத் தாங்கும் பொருள்கள் அனைத்தும் அம்முன்னோரிடமும் இருந்தன. ஆனால் பல் வளர்ந்து முடிந்ததும் அவற்றுள் நார்ப்பகுதியும் கனிமமேறி இறுகிவிட்டது. பல் எலும்போடு ஒன்றாயிற்று. பாலூட்டிகள் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. இறுகுவதை நிறுத்திக்கொண்டன. நார் நாராகவே நீடித்தது.

மனித வாயில் இந்தத் தாங்குதலைச் செய்யும் பகுதிகள் நான்கு. வெளியே தெரிவது ஈறு. உள்ளே, பல்லின் வேரை மெல்லியதாகப் போர்த்தியிருப்பது வேர்ப்பூச்சு. மருத்துவர் இதைச் சிமெண்டம் என்பர். வேர் இறங்கியிருக்கும் பள்ளத்தின் சுவர் பற்குழி எலும்பு. வேர்ப்பூச்சையும் குழிச்சுவரையும் இணைத்துக் குறுக்கே ஓடுவது பிணைநார். இவற்றுள் வேர்ப்பூச்சும் பிணைநாரும் குழிச்சுவரும் ஒரே தாயின் மக்கள். கருவில் பல்லின் அரும்பைச் சூழ்ந்திருக்கும் பை போன்ற ஒரு திசுவிலிருந்தே மூன்றும் பிறக்கின்றன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பல்லைப் பிடுங்கிவிட்டால் குழி எலும்பும் தங்காது. அது பல்லுக்காகவே உண்டான எலும்பு. பல் போனபின் மாதந்தோறும் கரைந்து தாழ்கிறது. முதியோரின் பொக்கைவாயில் கன்னம் ஒட்டி, முகவாய் முன்னே துருத்தி நிற்பது பல் போனதால் மட்டும் வருவதில்லை. பல்லோடு சேர்ந்து அதன் எலும்பும் விடைபெற்றுவிட்டது.

வேர்ப்பூச்சு ஒரு தனி இயல்புடைய பொருள். எலும்பைவிட மென்மையானது, எடையில் ஏறத்தாழப் பாதிதான் கனிமம். பல்லின் கழுத்தருகே ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவே தடிமன். வேர்நுனியில் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. அதற்குள் குருதிக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. எலும்பைப்போல் இடையறாது அரிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்படுவதும் இல்லை. படலத்தின் மேல் படலமாகச் சேர்ந்துகொண்டே போகிறது. பிணைநாரின் முனைகள் இதற்குள் புதைந்து இறுகியிருக்கின்றன. மறுமுனைகள் எலும்புக்குள் புதைந்திருக்கின்றன. இப்படிப் புதைந்த முனைகளுக்கு, 19-ஆம் நூற்றாண்டின் இசுக்காட்லாந்து உடற்கூற்று அறிஞர் வில்லியம் சார்ப்பியின் பெயரே வழங்கிவருகிறது.

பிணைநாரின் அகலம் 0.15 முதல் 0.38 மில்லிமீட்டர். வேரின் நடுப்பகுதியில் மிகக் குறுகலாகவும் மேலும் கீழும் சற்று விரிந்தும் இருக்கும். வயது ஏற ஏறக் குறையும். அவ்வளவு சிறிய இடைவெளிக்குள் கொலாஜன் நார்க்கற்றைகளும் உயிரணுக்களும் குருதிக்குழாய்களும் நரம்புகளும் நீர்மமும் நெருங்கிக் கிடக்கின்றன. நார்கள் ஒரே திசையில் ஓடுவதில்லை. குழியின் விளிம்பருகே சில, கிடையாகச் சில, வேர்நுனியில் சில. ஆனால் மிகப் பெரும்பாலானவை சாய்வானவை: எலும்பில் மேலே தொடங்கி, வேரில் கீழே சென்று முடிபவை. (கீழ்த்தாடைப் பல்லை நினைத்துக்கொண்டு சொல்கிறேன், மேல்தாடைக்குத் தலைகீழாகக் கொள்க.) இந்தச் சாய்வில்தான் எல்லாம் இருக்கிறது. கடைவாயில் ஒரு முறுக்கைக் கடிக்கும்போது பல் குழிக்குள் இறங்க முயல்கிறது. இறங்கினால் சாய்நார்கள் இழுபடும். மேலிருந்து வரும் அழுத்தம் எலும்பின்மேல் நேரே மோதாமல் இழுவிசையாக மாறி, குழிச்சுவர் முழுதும் பரவுகிறது. தூளியில் கிடத்திய பிள்ளையின் எடை தரையை அடையாமல் துணியின் வழியே உத்தரத்துக்குப் போகிறதே, அதுபோல. நம் பற்கள் தாடையில் நடப்பட்டவை என்றே நெடுநாளாக எண்ணிவந்தோம். அவை தொங்கவிடப்பட்டவை என்பதே உண்மைக்கு நெருக்கம்.

நாரோடு நீர்மமும் துணைசெய்கிறது. திடீரென அழுத்தம் விழும்போது இடைவெளியில் உள்ள நீர்மம் குழிச்சுவரின் நுண்துளைகள் வழியே எலும்புக்குள் ஒதுங்கி அதிர்வை உள்வாங்குகிறது. கடைவாய்ப்பற்களுக்கு இடையே ஒருவர் முழு வலிமையோடு கடித்தால் ஐம்பது கிலோ எடைக்கு நிகரான விசை எழும். அதை ஒரு நாளில் எத்தனையோ முறை தாங்கியும் வேர் முறியாமல் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

ஆனால் பிணைநாரைக் கயிறு என்று எண்ணிவிடக் கூடாது. கட்டிவிட்டு மறந்துவிடும் பொருளாக அது இல்லை. உடலின் பல நார்த்திசுக்களைவிட விரைவாக இங்கே கொலாஜன் அழிந்து புதிதாக நெய்யப்படுகிறது. ஒரே உயிரணு ஒருபுறம் பழைய நாரை விழுங்கிச் செரித்துக்கொண்டே மறுபுறம் புது நாரைச் சுரக்கிறது. இதற்குக் கொடிய சான்று கடற்பயணங்களின் வரலாற்றில் இருக்கிறது. உயிர்ச்சத்து சி இல்லாமல் கொலாஜன் ஒழுங்காக உருவாகாது. மாதக்கணக்கில் பச்சைக்காய் காணாத மாலுமிகளுக்கு ஈறு வீங்கிக் குருதி கசிந்து பல் ஆடி விழுந்தது. 1747-இல் ஜேம்சு லிண்டு என்னும் கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து அந்நோயைத் தேற்றிக் காட்டினார். பல்லுக்கு நோய் வரவில்லை. பல்லைப் பிடித்திருந்த நாரை நாள்தோறும் நெய்யும் வேலை நின்றுபோனதுதான் நோய். பல் நிற்கிறது என்று சொல்லும்போது நாம் ஒரு நிலையைச் சொல்வதாக நினைக்கிறோம். உண்மையில் அது ஓயாத ஒரு வேலை.

அந்த மெல்லிய இடைவெளி உணரவும் செய்கிறது. சோற்றில் கிடக்கும் குறுநொய் அளவு கல்லைப் பல் எப்படிக் கண்டுகொள்கிறது? பற்சிப்பிக்கு உணர்வில்லை. கல்லின்மேல் பட்ட பல் இம்மியளவு சாய்கிறது. சாய்வு நாரை இழுக்கிறது. நாரோடு பின்னிய நரம்பு முனைகள் விழித்துக்கொள்கின்றன. மறுகணமே வாய் தானாகத் திறக்கிறது. இந்நரம்புகளில் சிலவற்றின் தாயணு (நரம்பிழை புறப்படும் உயிரணு) இருக்கும் இடம் மற்ற உணர்நரம்புகளுக்குப் பெரும்பாலும் வாய்க்காதது. பொதுவாக உணர்நரம்பின் தாயணு மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் வெளியே தங்கும். பிணைநாரிலிருந்தும் மெல்லும் தசைகளிலிருந்தும் வரும் சில நரம்புகளுக்கு மட்டும் அது மூளைத்தண்டுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. இன்று பல் இழந்தவர்க்குத் தைட்டானியத் திருகை எலும்பில் பதித்துச் செயற்கைப் பல் பொருத்துகிறார்கள். 1965-இல் சுவீடனின் பெர்-இங்வார் பிரானெமார்க் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்த முறை அது. மிகச் சிறந்த முறையுங்கூட. ஆனால் அதில் எலும்பு நேரே உலோகத்தைப் பற்றிக்கொள்கிறது, இடையே நார் இல்லை. ஆகையால் கல் சற்றுப் பெரிதாக இருந்தால்தான் தெரியும். ஓணானின் பல்லமைப்புக்குப் பெரும்பொருள் செலவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறோம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இத்திசுக்களின் எல்லைகளை அறுக்காமலும் சாயமேற்றாமலும் காண உதவும் கருவிகளுள் ஒன்றின் பின்னே திருவரங்கத்தின் அண்டை ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். திருவானைக்காவில் 1888 நவம்பர் 7-ஆம் நாள் பிறந்த சர் சி. வி. இராமன் 1928-இல் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவைக் கொண்டு, சீரொளிக் கதிரை எலும்பிலிருந்து பிணைநார் வழியே வேர்ப்பூச்சு வரை நகர்த்தி, ஒவ்வொரு புள்ளியிலும் கனிமம் எவ்வளவு, கொலாஜன் எவ்வளவு என்று அளக்க முடிகிறது. கனிமத்தின் பாசுபேட்டு, நிறமாலையில் சென்டிமீட்டருக்கு 960 அலைகள் என்னும் இடத்தில் ஓங்கி நிற்கும். எலும்பில் உயர்ந்த அந்த முகடு நாரில் சரிந்து வேர்ப்பூச்சில் மீண்டும் எழுகிறது.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக்கும் திருவானைக்காவுக்கும் திருவரங்கத்துக்கும் யானைகள் உண்டு. திருவரங்கத்து யானை ஆண்டாள் கரும்பை வாங்கி வாய்க்குள் தள்ளுவதைப் பார்த்திராத உள்ளூர்ப் பிள்ளை இருக்க மாட்டாது. அப்போது வாய்க்குள் நிகழ்வது, பிணைநார் எத்தனை வல்லது என்பதற்கு நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. யானைக்கு அரைத்தாடை ஒன்றுக்குக் கடைவாய்ப்பற்கள் ஆறு. ஆறும் சேர்ந்து முளைப்பதில்லை. ஒரு காலத்தில் ஒன்றோ இரண்டோதான் வேலையில் இருக்கும். மற்றவை தாடையின் பின்பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகி, நம் பல்லைப்போல் கீழிருந்து மேலே வராமல், பின்னிருந்து முன்னே நகர்கின்றன. முன்னே உள்ளது தேய்ந்து பாளம் பாளமாக உடைந்து விழும்போது அடுத்தது அந்த இடத்தை நெருங்கியிருக்கும். முதிர்ந்த யானையின் பல் ஒரு சாண் நீளத்தையும் மிஞ்சுவது. சில கிலோ எடையுள்ளது. அத்தனை பெரிய பல், மரக்கிளையை அரைத்துக்கொண்டிருக்கும் நிலையிலேயே, எலும்புக்குள் ஆண்டுக்கணக்கில் பயணம் போகிறது. வேரின் முன்பக்கத்தில் எலும்பு கரைக்கப்படுகிறது. பின்பக்கத்தில் புதிதாக இடப்படுகிறது. நார்கள் அவிழ்ந்து மீண்டும் பிணைகின்றன. ஒருகணமும் பிடி விடுவதில்லை. ஆறாவது பல்லும் தேய்ந்தொழிவது ஏறத்தாழ அறுபது வயதில். அதன்பின் காட்டு யானையால் பசியை வெல்ல இயலாது. கோயில் யானைக்குக் குழைந்த சோறு உண்டு.

யானைப் பல்லில் வேர்ப்பூச்சுக்கும் வேறொரு உயர்வு கிடைத்திருக்கிறது. நம்மிடம் வேருக்குக் கீழே ஒளிந்திருக்கும் அப்பொருள், யானையிடம் பல்லின் தலைப்பகுதிக்கே வந்து, பற்சிப்பித் தகடுகளுக்கு இடையே நிரம்பி, அவற்றை ஒரே பாளமாகக் கட்டுகிறது. இப்பொருள்கள் வெவ்வேறு வேகத்தில் தேய்வதால் அரைக்கும் பரப்பு எப்போதும் சொரசொரப்பாகவே இருக்கும். தந்தம் என்று நாம் வழங்கும் மருப்பும் மேல்தாடையின் வெட்டுப்பல்லே. அதன் நீளத்தில் கணிசமான பகுதி மண்டையின் குழிக்குள் பிணைநாரால் பற்றப்பட்டிருக்கிறது. வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே போகும் பல்லை வாழ்நாள் முழுதும் நழுவவிட்டும் பிடித்தும் வைத்திருக்கும் வேலை அது.

இளையோரின் கோணற்பல்லுக்குக் கம்பி கட்டும் மருத்துவர், யானை தானாகச் செய்வதைச் சிறு அளவில் செய்விக்கிறார். மெல்லிய அழுத்தம், மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு நகர்வு. அழுத்தம் மிகுந்தால் நாரின் குருதியோட்டம் தடைப்பட்டு நகர்வே நின்றுபோகும் என்பதால் அவசரப்படுவோர்க்கு இதில் இடமில்லை.

இனி இது சரியும் கதை. ஈறு பல்லின் கழுத்தை ஒட்டிச் சூழ்ந்திருந்தாலும் அதன் விளிம்புக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு மெல்லிய பள்ளம் உண்டு. நலமான வாயில் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் ஆழம். உடலின் தோல் போர்வையைத் துளைத்துக்கொண்டு ஒரு கடினப்பொருள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடம் வாய் ஒன்றுதான் என்றே சொல்லலாம். நகமும் மயிரும் தோலுக்குள்ளிருந்து முளைப்பவை. தோலைத் துளைப்பவை அல்ல. அந்தப் பள்ளத்தில் நுண்ணுயிர்கள் படலமாகப் படிகின்றன. 1965-இல் நார்வே நாட்டு ஆரால்டு லோ என்பவரும் அவர் குழுவினரும் நலமான வாயுடைய 12 பேரைப் பல் துலக்க வேண்டாம் என்றனர். மூன்று வாரங்களுக்குள் பன்னிருவர்க்கும் ஈறு சிவந்து வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிற்று. ஈறு வீக்கத்துக்கு ஏது படலமே என்று ஐயமற நிறுவிய ஆய்வு இதுவாகும்.

வீக்கம் ஈற்றளவில் நின்றால் திரும்பிவிடலாம். படலம் கனிமமேறிப் பற்காரையாகி, பள்ளம் ஆழ்ந்து, அழற்சி உள்ளே இறங்கி நாரையும் எலும்பையும் தொட்டுவிட்டால் இழந்தது தானாகத் திரும்புவதில்லை. இதில் நுண்ணுயிரைவிட நம் உடலே கூடுதலாக அழிக்கிறது என்பதுதான் துயரம். படையெடுத்தவனைத் துரத்தப் புறப்பட்ட வெள்ளணுக்களின் நொதிகள் கொலாஜனைக் கரைக்கின்றன. எலும்பை அரிக்கும் உயிரணுக்கள் தூண்டப்பட்டுக் குழியின் விளிம்பைத் தாழ்த்துகின்றன. வலி பெரும்பாலும் இராது. நீரிழிவு நோயாளர்க்கு இது விரைந்து முற்றும். முற்றிய ஈறு நோய் குருதியின் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதையும் கடினமாக்கும்.

புகையிலையைச் சொல்லாமல் திருச்சிராப்பள்ளியில் இந்தப் பேச்சை முடிக்க இயலாது. உறையூரில் சுருட்டப்பட்ட சுருட்டு ஒரு காலத்தில் ஐரோப்பியர் வரவேற்பறை வரை போயிற்று. கோனன் டாயில் 1887-இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஓம்சு கதையில், கொலைகாரன் புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சாம்பலைக் கொண்டே சொல்லிவிடுகிறார். ஊர்ப்பெருமையாக இதைச் சொல்லிக்கொள்வோர் நிரம்ப உண்டு. அப்புகை ஈற்றுக்குச் செய்வதைச் சொல்வோர் குறைவு. நிக்கோட்டின் ஈற்றின் குருதிக்குழாய்களைச் சுருக்குகிறது. தற்காப்பு அணுக்களைத் தளர்த்துகிறது. நாரைப் புதுப்பிக்கும் உயிரணுக்களையும் மந்தமாக்குகிறது. துலக்கும்போது குருதி கசிவதுதான் இந்நோய் நமக்குத் தரும் முதல் எச்சரிக்கை. புகைப்பவர்க்கு அக்கசிவு குறைந்துவிடுகிறது. நோய் மிகுதி, அறிகுறி குறைவு. ஈறு நலமாக இருப்பதாக எண்ணிக்கொண்டே பல்லை இழப்பார்கள்.

இந்நோயைத் தடுக்க யாரும் எதுவும் செய்யாவிட்டால் அது எவ்வளவு விரைவில், எத்தனை பேரை வீழ்த்தும்? இவ்வினாவுக்கு உலகம் விடை கற்ற இடம் தமிழர் வாய்தான். அந்தத் தமிழர் இலங்கை மலையகத்தார். அவர்களுடைய முன்னோரைத் திரட்டிக் கடல்கடத்திய ஏற்பாட்டின் மையங்களுள் ஒன்று திருச்சிராப்பள்ளி. 1904-இல் தோட்ட முதலாளிகளுக்காக அமைந்த இலங்கைத் தொழிலாளர் ஆணையம் தன் தலைமையிடத்தை இந்நகரில்தான் வைத்துக்கொண்டது. திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சை, புதுக்கோட்டை, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற குடும்பங்களின் பேரப்பிள்ளைகளே 1970-இல் லோவும் அவர் குழுவினரும் கண்ட தோட்டத் தொழிலாளர்கள்.

இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 14 முதல் 30 வயது வரையுள்ள 480 ஆண்கள். உடல் நலமாக, உழைப்பால் இறுகியிருந்தவர்கள். பற்தூரிகைப் பழக்கம் அறியாதவர்கள். பல் மருத்துவரின் கை படாதவர்கள். சொத்தையோ ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆகவே பல் விழுந்தால் அது ஈறு நோயால் விழுந்தது என்று ஐயமின்றிக் கொள்ளலாம். ஆய்வாளர்க்கு வேண்டியது அதுவே. ஒப்பிடுவதற்காக நார்வேயின் ஒஸ்லோ நகரில், சிறுவயது முதலே பல் மருத்துவம் பெற்றுவந்த மாணவரையும் கல்வியாளரையும் அவர்கள் 1969 முதல் பின்தொடர்ந்தனர். நாற்பது வயதை நெருங்குகையில் ஒஸ்லோக்காரர் வேரின் பிணைப்பில் சராசரியாக 1.5 மில்லிமீட்டரைச் சற்று மிஞ்சி இழந்திருந்தனர். தோட்டத் தொழிலாளர் 4.5 மில்லிமீட்டர் இழந்திருந்தனர்.

இதுவரை எதிர்பார்த்ததே. 1986-இல் வெளியான பதினைந்தாண்டுக் கணக்குத்தான் துறையைத் திருப்பிப்போட்டது. அனைவர் வாயிலும் படலமும் காரையும் அப்பியிருந்தன. அனைவர்க்கும் ஈறு வீங்கியிருந்தது. ஆனால் அனைவரும் ஒரேபோல் இழக்கவில்லை. நூற்றுக்கு 8 பேர்க்கு நோய் பாய்ந்தோடியது: இருபது வயதிலேயே பல் விழத்தொடங்கி, முப்பத்தைந்தில் 12 பற்களும் நாற்பதில் 20 பற்களும் போய், நாற்பத்தைந்தில் வாய் வெறுமையாயிற்று. நூற்றுக்கு 81 பேர்க்கு மெல்ல நடந்தது. நாற்பத்தைந்து வயதில் அவர்கள் இழந்தது சராசரியாக 7 பற்கள். எஞ்சிய 11 பேர்க்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவும் நிகழவில்லை. அதே மலை, அதே உணவு, அதே துலக்காத வாய். முப்பத்தைந்து வயதில் ஒரு மில்லிமீட்டரும் இழக்கவில்லை, பல்லும் விழவில்லை.

இவ்வாய்வைப் படிக்கும் தமிழர்க்கு அறிவியலோடு வேறொன்றும் உறுத்தும். 1985-இல் கடைசிச் சோதனைக்கு வந்தவர்கள் 161 பேரே. அப்பதினைந்து ஆண்டுகள் மலையகத்தில் எத்தகையவை என்பது நாம் அறிந்ததே: 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்பாட்டின்படி இலட்சக்கணக்கானோர் கப்பலேறித் தமிழகத்து மண்டபம் வந்துசேர்ந்த காலம், 1983-இன் இனக்கலவரத் தீயும் எரிந்த காலம். வராதவர் ஒவ்வொருவரும் இவ்வகையிலேயே பிரிந்தார் என்று கொள்வதற்கில்லை. ஆனால் ஆய்வுத்தாளின் எண்ணிக்கை சுருங்கும்போது அதன் பின்னே நாட்டு வரலாறும் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று: நோய் எப்படி நடக்கிறது என்று அறிவதே ஆய்வின் நோக்கம், தடுப்பது அன்று. பற்தூரிகை பன்னிருவர் ஈற்றை ஒரு வாரத்தில் தேற்றும் என்று ஐந்தாண்டுக்கு முன்பே காட்டியவர்கள், தூரிகையறியாத ஊரை அளந்துகொண்டு இருந்தார்கள். இன்று அப்படி ஓர் ஆய்வைத் தொடங்க எந்த அறநெறிக் குழுவும் இசையாது என்பது என் துணிபு. அதனாலேயே அக்கணக்குக்கு மாற்றும் இல்லை. 2010-இல் ஆய்வாளர் மீண்டும் தோட்டங்களுக்குப் போய், முதற்குழுவில் 75 பேரைத் தேடிச் சோதித்தனர். ஒரு நோயின் நாற்பதாண்டுப் போக்கு அவர்களால் எழுதப்பட்டது.

8, 81, 11 என்னும் அந்த எண்களுக்குப் பின், அழுக்கு இருந்தால் பல் விழும் என்னும் எளிய கணக்கு செல்லாமல் போயிற்று. படலம் இன்றி நோய் இல்லை. ஆனால் படலம் மட்டுமே நோயின் அளவைத் தீர்ப்பதில்லை. எந்த வகை நுண்ணுயிர் குடியேறியது, பரம்பரையாக வந்த தற்காப்பின் இயல்பு எது, புகையுண்டா, சர்க்கரையுண்டா என்பவை சேர்ந்து தீர்க்கின்றன. அந்தப் பதினொரு பேரின் ஈற்றிலும் வெள்ளணுக்கள் திரண்டிருந்தன, நொதிகள் சுரந்திருந்தன. ஆயினும் தாக்குதல் பிணைநாரின் விளிம்பில் நின்றுவிட்டது. அதை அங்கே நிறுத்தியது எது என்று கண்டுபிடித்தால் மற்ற எண்பத்தொன்பது பேர்க்கும் அது பயன்படும். ஈறு நோய் ஆய்வில் இப்போது நடக்கும் வேலையில் பெரும்பகுதி அந்த விளிம்பைத் தேடுவதில்தான் போகிறது.